பின் சீட்டில் உட்காரச் சொன்னவள்

1

“எசமாங்க, நீங்க பின் சீட்டுல ஏறி உக்காருங்க. எங்கப்பா ஓட்டட்டும்.”

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் மிட்டாதாரிடம் கேட்டுவிடாதே என்று காளியண்ணன் மகளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அவள் கேட்டுவிட்டாள். அதற்கு என்ன பதில் வந்தது என்பதை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். அதற்கு முன், இது எப்படிக் கதையாயிற்று என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நான் எழுதியது ஒரு கட்டுரை. வேகமாக ஓடும் காரின் பின்பக்க ஸ்பிரிங் வில்லை எப்படி அமைத்தால் உட்கார்ந்திருப்பவரின் முதுகு நோகாமலும், காதில் இரைச்சல் விழாமலும், வளைவில் காரின் வால் விலகாமலும் போகலாம் என்பது விஷயம். சென்னையில் ஒரு மாதப் பத்திரிகைக்கு நேரில் கொண்டுபோனேன். ஆசிரியர் முதல் பக்கத்தைப் படித்தார். என்னைப் பார்த்தார். இதை எழுதிய ஆண்பிள்ளை எனக்குப் பின்னால் வருகிறானா என்று வாசலைப் பார்த்தார். பிறகு, பெண்கள் பகுதிக்கு ஊறுகாய் பற்றி ஏதாவது கொடுக்கலாமே என்றார். அல்லது இதையே கதையாக்கி, அதில் ஒரு பெண் அழட்டும் என்றார்.

கதையாக்கிவிட்டேன். பெண் அழமாட்டாள்.

(குறிப்பு: எனக்குத் தெரிந்து கொல்லிமலைக்குக் கார் ஏறும் ரோடு கிடையாது. கதை நடக்கும் 1939இலும் இல்லை, இரண்டு வருஷம் கழித்து இதை எழுதும் இன்றைக்கும் இல்லை. நடை, முடியாதவர்களுக்கு டோலி. கதைக்கு வேண்டியிருந்ததால் அடிவாரத்திலிருந்து மிட்டாதாரின் பங்களா வரைக்கும் ஒரு மண் ரோட்டை நானே போட்டுக்கொண்டேன். மிட்டாதார் என்றால் மலைக்காரர்களைச் சும்மா கூப்பிட்டு வெட்டச் சொல்லியிருப்பார். நான் பேனாவால் வெட்டினேன். இரண்டுக்கும் கூலி கிடையாது.)

2

‘பசுமை போர்த்திய கொல்லிமலைச் சாரலில், இளங்காலைத் தென்றல்—’

அடித்துவிட்டேன். தலையில் பலாப்பழத்தோடு ஏறி இறங்குகிறவளுக்கு அது சாரல் இல்லை, ஏற்றம்.

‘ருக்குமணி அழகி. அவள் கண்கள்—’

இதையும் அடித்தேன். அவளுக்குக் கண்கள் இருந்தன. அவற்றால் பார்த்தாள். அவ்வளவு போதும்.

ருக்குமணி காளியண்ணனின் மகள். அந்தக் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் அவள்தான். பௌதிகத்தில் பி.ஏ. வாங்கிய முதல் ஆளும் அவள்தான். நடுவில் யாருமில்லை. காளியண்ணன், அந்தப் பகுதிக்கு ஜமீன்தாரான மிட்டாதார் மாதேஸ்வரனிடம் மாட்டுவண்டி ஓட்டியவன். கார் வந்ததும் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவன். சீமையிலிருந்து வந்த பந்தயக் கார் அது. முன்னால் இரண்டு பெரிய சீட்டு. பின்னால், அச்சுக்கு நேர்மேலே, சட்டி போல இரண்டு சின்னச் சீட்டு. முன்னால் டிரைவரும் மிட்டாதாரும். பின்னால் அவருடைய தாய் மயிலம்மாள். பின் சீட்டு பொம்பளைகள் உட்காரும் இடம் என்பது அந்தப் பங்களாவில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இனிக் கொஞ்சம் கட்டுரை. தாண்டிப் போகாதீர்கள், ஊறுகாய் போடுவதைவிடச் சுலபம்.

காரின் பின்னச்சுக்கு மேல், பக்கத்துக்கு ஒன்றாக வில் இருக்கும். இரும்புப் பட்டைகளை அடுக்கி வளைத்துக் கட்டியது. வில் மட்டும் இருந்தால், ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்த கார் அடுத்த பள்ளம் வரைக்கும் தூளி மாதிரி ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தத்தான் ஷாக் அப்சார்பர். இந்தக் காரில் அது இரண்டு இரும்புக் கைகள், அவை சேரும் இடத்தில் வட்டத் தட்டுகள். தட்டுகள் ஒன்றையொன்று உரசும். அந்த உரசல்தான் ஆட்டத்தை அடக்கும். நடுவில் ஒரு நட்டு. முடுக்கினால் கார் ரோட்டைக் கவ்விக்கொண்டு ஓடும், பின்னால் இருப்பவரின் இடுப்பு கழன்றுபோகும். தளர்த்தினால் இடுப்பு பிழைக்கும், வளைவில் வால் அலையும்.

மிட்டாதார், வால் ஒரு விரற்கடை விலகினாலும் தோலை உரித்துவிடுவேன் என்றார். காளியண்ணன் சரிங்க என்று நட்டைக் கடைசி வரைக்கும் முடுக்கினான். மயிலம்மாளோ, பட்டைகள் காய்ந்துபோய்க் கிரீச்சிடுவது தலைக்குள் ஆணி அடிப்பதுபோல இருக்கிறது, தன் காதுக்கும் இடுப்புக்கும் ஏதாவது செய் என்றாள். அதற்கும் சரிங்க என்றான். மகன் சொன்னது தாய்க்குத் தெரியாது, தாய் சொன்னது மகனுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் இடையில் ஒரு ‘சரிங்க’ ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு முதல் கோபம் அந்தச் சொல்லின் மேல்தான்.

3

ஒரு நாள் காலை மிட்டாதாரின் சொந்தக்காரர் வீட்டில் சீர். சீருக்குப் போகிற வண்டியின் அச்சு கத்தக்கூடாது. கத்தினால், எண்ணெய்க்கு வக்கில்லாத வீடு என்று வழியெல்லாம் சிரிப்பார்கள். கார் மலையிலிருந்து இறங்கியது. பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவது டிரைவர்களின் வழக்கம். காளியண்ணனும் உருட்டினான். மிட்டாதார் பக்கத்தில் இருந்துகொண்டு, பிரேக்கை ஏன் தொடுகிறாய், விடு விடு என்றார்.

மூன்றாவது வளைவில் மழைத்தண்ணீர் அரித்த வரிப்பள்ளங்கள். பின்சக்கரங்கள் துள்ளின. துள்ளும் சக்கரத்துக்கு மண்ணில் பிடிப்பு ஏது? வால் வெளியே வீசியது. மலைமேல் வளப்பூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியிலிருந்து பலாப்பழம் சுமந்து இறங்கிக்கொண்டிருந்த பாப்பாயி, மண்மேட்டுக்கும் காருக்கும் நடுவில் அகப்பட்டாள். தொடை எலும்பு முறிந்தது.

‘மிட்டாதார் பதறிப்போய் அவளைத் தூக்கிக் காரில்—’

இல்லை. கார் சீருக்குப் போனது. பாப்பாயியை அவள் ஊர்க்காரர்கள் டோலி கட்டிச் சுமந்து அடிவாரத்துக்குக் கொண்டுவந்து, ஒரு பஸ்காரனைக் கெஞ்சி நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்த பஸ் புறப்பட்ட நேரத்தில் சீர் வீட்டில் இலை போட்டிருப்பார்கள்.

கேஸ் ஆகிவிட்டது. மிட்டாதார் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். மாஜிஸ்திரேட் முன்னால் காளியண்ணன், கண் அசந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். லைசென்ஸ் போகும், சில மாதம் ஜெயில். திரும்பி வந்தால் மாட்டுவண்டி காத்திருக்கும்.

ருக்குமணி ஆஸ்பத்திரிக்குப் போனாள். டிரைவரின் மகள் என்று சொன்னால் பாப்பாயி திட்டுவாள் என்று நினைத்துப் போனாள். அவளோ காலைக் காட்டிலும் பழத்துக்குத்தான் அதிகம் வருத்தப்பட்டாள். யாரோ பொறுக்கித் தின்றிருப்பார்கள், நல்ல பழம் என்றாள். பிறகு யோசித்துச் சொன்னாள்:

“அந்தக் காரு வந்தா எங்களுக்குத் தெரியுமுங்க. இறக்கத்துல கிரீச்சு கிரீச்சுனு கத்திக்கிட்டு வரும், நாங்க மேட்டுல ஏறி நின்னுக்குவோம். அன்னிக்கி ஊமையா வந்துது சாமி. ஊமைக்கு ஆரு ஒதுங்கறது?”

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். முதலில் எழுதிய பிரதியில் காளியண்ணன் அப்பாவி. காரின் கிரீச்சை அடக்க எண்ணெய் விட்டது ராசப்பன் என்று ஒரு வண்டிக்காரன். [ராசப்பன் வெற்றிலை மென்றுகொண்டே கார் ஷெட்டுக்குள் நுழைந்தான், அவன் முகத்தில் ஒரு—] அவனை எடுத்துவிட்டேன். ஏழை என்றால் தப்பே செய்யமாட்டான் என்று எழுதுவது, அவனை மனிதனாக எண்ணாமல் இருப்பதற்கு இன்னொரு வழி.

ஆகவே உள்ளபடி எழுதுகிறேன். ருக்குமணி ஷெட்டுக்குப் போய்க் காரின் வாலை இரண்டு கையாலும் அழுத்திவிட்டாள். நட்டு அந்த முடுக்கில் இருந்தால் கார் அசைந்தே இருக்கக்கூடாது. அது மேலும் கீழும், மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. குனிந்து தட்டில் விரலை வைத்தாள். கரி. மோந்து பார்த்தாள். ஆமணக்கெண்ணெய். வைக்கோலைக் கரித்து ஆமணக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்குப் போடும் வண்டி மை. அந்தப் பங்களாவில் அதைப் பக்குவமாகக் குழைக்கத் தெரிந்தவன் ஒருவன்தான்.

“ஏனுங்கப்பா, நீங்களா போட்டீங்க?”

“சீருக்குப் போற வண்டி கண்ணு. கத்துனா மானக்கேடு. பங்களாப் பெரியாத்தாவும் சொன்னாங்க. வண்டிக்குப் போடறதத்தான போட்டேன்?”

அச்சு வழுக்க வேண்டும், இந்தத் தட்டு வழுக்கக் கூடாது என்று அவள் சொன்னாள். பட்டைகளுக்கு நடுவில் விட்ட மை சொட்டி வழிந்து தட்டுக்குள் இறங்கிவிட்டது. நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது, உள்ளே உரசத்தான் ஒன்றுமில்லை. காளியண்ணன் தட்டை விரலால் துடைத்துப் பார்த்தான். எசமான் சொன்னதும் செய்தேன், ஆத்தா சொன்னதும் செய்தேன் என்றான். உண்மை. இரண்டு பேர் சொன்னதையும் முழுசாகச் செய்ததுதான் பாப்பாயியின் தொடையை முறித்தது.

(கட்டுரையில் இருந்து, கடைசி முறையாக: சொகுசு, சத்தமில்லாமை, பிடிப்பு மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவருவது முடியாத காரியமில்லை. பட்டைகளுக்குத் தோலுறை கட்டி அதற்குள் கிரீஸ் அடைக்க வேண்டும், சத்தம் போகும். தட்டைக் காயவிட வேண்டும். நட்டைப் பாதி முடுக்க வேண்டும், இடுப்புக்குக் கொஞ்சம், வளைவுக்குக் கொஞ்சம். சத்தம் போய்விட்டதால் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்க வேண்டும். மிச்சத்துக்கு மெதுவாக ஓட்ட வேண்டும். இதற்கு பி.ஏ. தேவையில்லை. எசமானிடம் ‘ஆகாதுங்க’ என்று ஒருவன் சொல்லவும், அதை எசமான் கேட்கவும் வேண்டும். அந்தப் பாகம்தான் சீமையிலும் கிடைப்பதில்லை. சொகுசுக்கு ஒரு ஆள் இருந்தாள், பிடிப்புக்கு ஒரு ஆள் இருந்தார். ரோட்டில் நடப்பவளுக்காக யார் நட்டைத் திருப்பினார்கள்?)

5

கோர்ட்டுக்கு முந்தின நாள். பங்களா முற்றத்தில் கார் நின்றது. மிட்டாதார் நாற்காலியில். காளியண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். ருக்குமணி நடுவில் நின்று அந்த முதல் வரியைச் சொன்னாள். கூடவே, அதே வளைவில் அதே வேகத்தில் இறங்குவோம், கண்ணை நன்றாகத் திறந்துகொண்டே எங்கப்பா ஓட்டுவார், வால் போகிறதா இல்லையா என்று பின்னால் உட்கார்ந்து பாருங்கள் என்றாள்.

முற்றத்தில் இருந்தவர்கள் மிட்டாதாரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதா வேண்டாமா என்று காத்திருந்தார்கள். அவர் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள்.

“அம்மிணி, பி.ஏ.யில காரோட பொறத்தாலயும் மோந்து பாக்கச் சொல்லிக் குடுக்கறாங்களா?”

“மோந்துதானுங்க பாத்தேன். ஆமணக்கெண்ணெ. ஆரு ஊத்தச் சொன்னாங்கன்னு உள்ள கேளுங்க.”

கேட்க வேண்டியிருக்கவில்லை. கதவோரத்தில் நின்ற மயிலம்மாளே பேசினாள். இவளைக் கொடுமைக்காரியாக்க நான் எவ்வளவோ முயன்றேன். முடியவில்லை.

“நாந்தாண்டா ஊத்தச் சொன்னேன். முன்னால உக்காந்துக்கிட்டு நீ வெரட்டற, பின்னால இடுப்பொடிஞ்சு கெடக்கறது நானு. எப்பிடியிருக்குதுன்னு ஒரு நா கேட்டியா?”

அது நியாயம். அந்தப் பங்களாவில் பல வருஷமாக அடக்கி வைத்த நியாயம். ருக்குமணிக்கு ஒரு கணம் எல்லாம் சரியாகிவிட்டது போலிருந்தது. இதையே நாளைக்குக் கோர்ட்டில் சொல்லுங்கள் ஆத்தா, அது போதும் என்றாள்.

மயிலம்மாள் மகனைப் பார்த்தாள். பிறகு, கோர்ட்டுப் படி ஏறுவது தங்கள் வீட்டுப் பொம்பளைகளுக்கு வழக்கமில்லை என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். தன் இடுப்புக்காகப் பேசியவள் பாப்பாயியின் காலுக்காக ஒரு படி ஏறமாட்டாள். இதற்கு நான் என்ன செய்ய?

மிட்டாதார் ருக்குமணியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். “காளி, நாளைக்குக் கண்ணு அசந்துட்டேன்னு சொல்லிப்போடு. அடிவாரத்துல உன் ஊடு என் நெலத்துல இருக்குதுங்கறதும் நெனப்புல இருக்கட்டும்.”

“சரிங்க.”

6

ஆசிரியர் கேட்பாரே என்று சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: மிட்டாதார் பின் சீட்டில் ஏறுகிறார். வளைவில் வால் வீசுகிறது. அவர் மனம் திருந்திப் பாப்பாயியின் கட்டிலருகில்— எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. பின் சீட்டில் ஏறினால் திருந்திவிடுவார் என்றால் அவர் ஏன் இத்தனை நாள் ஏறவில்லை?

இரண்டாவது: மிட்டாதாரின் தம்பி. இங்கிலீஷ் படித்தவன், முற்போக்கானவன். ருக்குமணியின் துணிச்சலைக் கண்டு— தம்பியே கிடையாது. பிறக்கவிடவில்லை.

மூன்றாவது: அவள் வாயை மூடிக்கொள்கிறாள். இதுதான் எல்லா ஊரிலும் நடப்பது. இதில் காளியண்ணனுக்கு வீடு மிஞ்சும். ஆனால் கண் அசந்தது என்று தீர்ப்பாகிவிட்டால், கண்ணைத் தவிர வேறு எதையும் யாரும் மாற்ற வேண்டியதில்லை. அதே நட்டு, அதே எண்ணெய், அதே இறக்கம். டிரைவர் மட்டும் வேறு. ரோட்டில் நிற்கும் பாப்பாயியும் வேறு.

நான்காவது: அவள் போய் உள்ளதைச் சொல்கிறாள். அப்பன் தப்பிக்கமாட்டான், எண்ணெய் விட்டது அவன் கை. வீடும் போகும். நம்புவார்களா என்பதும் தெரியாது. டிரைவர் மகளின் பௌதிகத்தை எந்த மாஜிஸ்திரேட் காது கொடுத்துக் கேட்பார்?

என் முன்னால் இருப்பது இந்தக் கடைசி இரண்டும்தான். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் யோசிக்கவில்லை.

7

விடிந்தது. ருக்குமணி கூந்தலை முடிந்துகொண்டு புறப்பட்டபோது காளியண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எங்கே போகிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

“நீ போய்ச் சொன்னா நானுந்தான கண்ணு மாட்டுவேன்?”

“ஆமாங்கப்பா. செஞ்சதுக்கு மாட்டுங்க. செய்யாததுக்கு எதுக்கு?”

“ஊடு போயிருமே.”

“போகட்டுங்க.”

உன்னைப் படிக்க அனுப்பியதற்கு இதுதானா என்று அவன் முணுமுணுத்தான். இதற்குத்தான் என்றாள் அவள். [இங்கே அப்பன் கண்கலங்கி, தலையில் கைவைத்து ஆசீர்வதித்து— இல்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருக்கட்டும். மகளுக்கு அது வலித்தது. அதுவும் இருக்கட்டும்.]

கோர்ட்டில் என்ன ஆயிற்று என்று நான் எழுதப்போவதில்லை. அந்தக் கூண்டில் நிற்கும் அவளுடைய சொல்லுக்கு எடை உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது நானில்லை, படிக்கிற நீங்கள். உங்கள் தீர்ப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் அவளைக் கொஞ்சம் தயங்க வைத்தால் நன்றாயிருக்குமே என்று மட்டும் நினைக்காதீர்கள். நானும் அப்படி ஒரு வரி எழுதலாமென்று நிமிர்ந்தேன். அதற்குள் அவள் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு, சாத்தாமலே, நாமக்கல் ரோட்டில் இறங்கிவிட்டாள்.