வலப்புறத்துப் பை

மாலைக் கதிரவன் மேற்கிலுள்ள மாடங்களின் தோள்மீது சாய்ந்து, உருக்கிய பொன்னை ஊற்றினாற்போல் நகரின் நாற்சந்தியை நனைத்துக்கொண்டிருந்த வேளை. முப்பதாண்டுகட்கு முன் ஆட்சித்தலைவர் சுடப்பட்டு வீழ்ந்த அவ்விடத்தில், ஏதும் பொறிக்கப்படாத கருங்கல்லொன்று, சொல்ல வாயெடுத்து நாவெழாது நின்ற மாந்தனைப்போல் நின்றிருந்தது. அக்கொலைச் சூழ்ச்சியில் உடன்பட்டோர் அறுவரா, எழுவரா? கல்லில் எத்தனை பெயர் பொறிப்பது? அதை முடிவுசெய்யவே எதிரிலிருந்த நூலக மன்றத்தில் ஊரார் திரண்டிருந்தனர்.

அன்புடையீர், அம்மன்றத்தின் கடைசி வரிசையில், ஊசி குத்திக் காய்த்த விரல்களை மடியில் ஒளித்து அமர்ந்திருந்த முதிய தையற்காரரைச் சற்றே நோக்குங்கள். அருகிருந்தவள் அவர் தங்கை. சுட்டவர் இவரே எனத் தூக்கிலிடப்பட்ட ஏழாமவர், அவள் கணவர். சுட்டவன் கூட்டத்தில் கழற்றியெறிந்து ஓடிய மேலங்கியைத் தம் மைத்துனர்க்கே தைத்ததாக அந்நாளில் சான்றுரைத்தவரோ இத்தையற்காரர். கணவனை இழந்த நாள்முதல் கடைக்கு மேலிருந்த அறையில் அண்ணன் நிழலிலேயே வாழ்ந்த அவள், காலையில் அவரை வற்புறுத்தி அழைத்திருந்தாள்.

"வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணா. நீங்க சொன்னா எல்லார் வாயும் அடைச்சுப் போகும். அவர் சுடவேயில்லைன்னு ஊர் சொல்றதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு."

அவரும் பழைய சொல்லையே மீண்டும் சொல்லிவிட்டுப் போகும் எண்ணத்தோடுதான் வந்திருந்தார்.

சொற்போர் சூடேறியது. பிடிபட்ட அறுவரும் வழக்கின்போதே ஏழாமவரைக் கண்டதேயில்லை என்றனர், அவருள் ஒருவன் சுட்டவன் நானே என்றும் சொன்னான், மேடைகளில் ஆட்சியைச் சாடிய ஒரே குற்றத்திற்காக ஏழாமவர் சேர்க்கப்பட்டார் என்று வரலாற்றறிஞர் அடுக்கினார். பின்வரிசைக் குறும்பர் ஒருவர், சுட்டது என்னவோ ஒரே குண்டுதான், பேசிப் பேசி நாம் போட்டது ஆயிரம் குண்டு என்று முணுமுணுக்க, சுற்றிலும் சிரிப்பு எழுந்து அடங்கியது. அப்போது, அன்றைய அரசு வழக்கறிஞர், நரைத்த தலையும் நடுங்காக் குரலுமாய் எழுந்தார்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கூடப் பொறந்த தங்கச்சி வாழ்க்கையைக் கெடுக்க எந்த அண்ணனாவது பொய் சொல்லுவானா?"

வரலாற்றறிஞரும் தம் தாள்களை மூடிவிட்டார். தங்கை, பெருமிதத்தோடு அண்ணனின் கையைப் பற்றினாள். கன்றை நக்கும் பசுவின் நாப்போல் பரிவு கனிந்த அந்தத் தொடுகை, முப்பதாண்டாய் ஆறாத புண்மீது காய்ச்சிய இரும்பாய் அவர்க்குச் சுட்டது. தம் பொய்யை மெய்யாக்கி நிறுத்தியது தம் சொல்லன்று, இவள் தமக்குத் தங்கை என்னும் உறவே என்பதை அவர் அக்கணமே உணர்ந்தார்.

எழுந்தார். வழக்குச் சான்றாய் மன்றத்தில் காட்சிக்கு வைத்திருந்த கண்ணாடிப் பேழையை நூலகரிடம் திறக்கச் சொல்லி, உள்ளிருந்த அந்த மேலங்கியின் பொத்தான்களைக் கழற்றி, உட்புறத்தை விரித்துக் காட்டினார்.

"துப்பாக்கிக்குன்னு வெச்சுத் தச்ச பை இது. வலப்பக்கம் இருக்கு. சோத்துக் கைக்காரனுக்கு இடப்பக்கம்தான் வைப்போம், அப்பதான் எடுக்க வரும். இது இடது கைக்காரனுக்குத் தச்சது. அந்த ஆறு பேர்ல, நான்தான் சுட்டேன்னு சொன்னானே, அவனுக்கு. மாப்பிள்ளைக்கு எல்லாத்துக்கும் சோத்துக் கைதான்."

பையை அந்நாளில் எல்லோருமே பார்த்திருந்தனர். அது எந்தக் கைக்கான பை என்று கேட்டார்தாம் ஒருவருமில்லை. வழக்கறிஞரின் குரல் முதன்முறையாகத் தளர்ந்தது.

"அன்னிக்கே ஏன்யா சொல்லலை?"

"மாப்பிள்ளைக்குத் தச்சியா, இல்லை ஏழாவது ஆள் நீதானான்னு போலீஸ்ல மிரட்டிக் கேட்டாங்க. தலையாட்டிட்டேன். அவ்வளவுதான்."

தங்கை அழவில்லை. கூட்டம் விலக, நடைவழியில் மெல்ல வந்து அண்ணன்முன் நின்றாள்.

"முப்பது வருஷமா அவர் படத்தைச் செவுத்துப் பக்கமாத் திருப்பியே வெச்சிருந்தேண்ணா."

அவரைக் கடந்து வெளியேறினாள்.

அவையோர் அறுவர் என்றே முடிவுசெய்தனர். பழி துடைக்கப்பட்டது, துடைத்ததைக் காண உரியவர் மண்ணுக்குள் இருந்தார். அச்சத்தால் அசைந்த தலை ஒருமுறைதான் அசைகிறது, அன்பீர். அதன் நிழலோ ஒருத்தியின் வாழ்நாள் முழுதும் வீழ்ந்து கிடக்கிறது. அறத்தின் வாயில் எந்நாளும் திறந்தே இருக்குமாயினும், காலம் கடந்து நுழைவோரை வரவேற்க உள்ளே எவரும் இருப்பதில்லை.

பொழுது சாயத் தையற்காரர் வீடு திரும்பி மாடியேறினார். அறை துடைத்துப் பெருக்கப்பட்டிருந்தது. அவளும் இல்லை, அவள் பெட்டியும் இல்லை. சுவரில் ஓர் ஆணியும், படம் தொங்கியிருந்த அளவுக்கு வெளுப்பு மாறாத ஒரு கட்டமும் மட்டுமே எஞ்சியிருந்தன. வாழ்நாளெல்லாம் அளவெடுத்துப் பழகிய அந்தக் கண்கள், நீளம் ஒரு சாண், அகலம் முக்கால் சாண் என்று தம்மையறியாமல் அளந்தன. அதை மூடித் தைக்க அவரிடம் துணியில்லை.