பின்கதவு

க்ரிஸ்பினுக்கு எதிரே யார் உட்காருவது என்று கேட்டதும் லோரெய்ன்தான் முதலில் கை தூக்கினாள். பழைய சிநேகிதி, பார்த்துப் பதமாக நடந்துகொள்வாள் என்று அவனுக்கு ஏக நிம்மதி. அந்த மடத்தனத்துக்கு என்ன பேர் வைப்பது!

இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் உளவள ஆலோசனை முனைவர் படிப்பின் இரண்டாம் ஆண்டுச் செய்முறைத் தேர்வு அது. ஒரு மாணவர் ஆலோசகராக உட்கார வேண்டும், இன்னொருவர் ஆலோசனை தேடி வந்தவராக. வந்தவர் கொண்டுவரும் கவலை நிஜமாக இருக்க வேண்டும். ஆலோசகர் தன் கதையைப் பேசவும் கூடாது, தன் பக்க நியாயத்தைச் சொல்லவும் கூடாது. மீறினால் தேர்ச்சி கிடையாது. மூலையில் கேமரா, அதன் பக்கத்தில் மதிப்பெண் போடும் பேராசிரியர் டாக்டர் ஓகில்வி.

லோரெய்னின் அப்பா மீன்பிடிக் கப்பலோடு கடலில் மூழ்கிப் போனவர். உடல் கிடைக்கவில்லை. திரும்பி வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதென்று, அம்மா சாகும்வரை பின்கதவைப் பூட்ட விடவில்லை. உடல் கிடைக்காத துக்கம்தான் லோரெய்னின் ஆய்வு. பப்பில் பியரும் கையுமாக அவள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்ட க்ரிஸ்பின், அதையே முந்திக்கொண்டு தன் ஆய்வுத் தலைப்பாக எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டான். பின்கதவையும் விடவில்லை. துறை அவளை வேறு தலைப்பு பார்க்கச் சொல்லிவிட்டது. ஒரு வருஷ உழைப்பு மண்ணாய்ப் போனது. அவளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

"இன்னைக்கு எதைப் பத்திப் பேசலாம்னு நினைக்கிறீங்க?" என்றான் க்ரிஸ்பின், தேன் ஒழுக.

"என்னோடத ஒருத்தர் எடுத்துக்கிட்டாங்க."

"அது உங்களுக்கு வலிக்குது."

"ரொம்ப."

"என்ன எடுத்தாங்கன்னு சொல்ல முடியுமா?"

"எங்க அம்மாவோட பின்கதவ."

க்ரிஸ்பினின் காது சிவந்தது. லோரெய்ன் வாயை மூடிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். வந்தவர் மௌனமானால் ஆலோசகர் அந்த மௌனத்தைத் தாங்க வேண்டும் என்பது முதல் வருஷப் பாடம். பப்பில் இரண்டு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாதவன் இவன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அது... அந்த நபர் வேணும்னே செஞ்சிருக்க மாட்டாரு..."

அவள் கண் இமைக்கவில்லை.

"இங்க பாரு லோரெய்ன், நீயாதானே வந்து சொன்ன? நான் என்ன பிடுங்கிக்கிட்டா வந்தேன்? உன் அம்மா கதைய நான் எழுதக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு? யாரு முந்துறாங்களோ அவங்களுக்குத்தான்!"

டாக்டர் ஓகில்வியின் பேனா நின்றுவிட்டது. கேமரா மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சொன்னது உறைத்ததும் க்ரிஸ்பின் திறந்த வாயை மூட மறந்தான்.

"யார் எடுத்தாங்கன்னு அவங்க சொல்லவே இல்லையே, க்ரிஸ்பின்," என்றார் ஓகில்வி மெதுவாக. "உன் ஆய்வு அனுமதியப் பத்தி நாம இன்னைக்கே பேசணும்."

அமர்வு முடிந்ததும் ஆலோசகர் எப்படி என்று வந்தவரைக் கேட்பது வழக்கம். ஓகில்வி அதையும் விடாமல் கேட்டார்.

லோரெய்னுக்குச் சந்தோஷம் தொண்டைவரை வந்துவிட்டது. அவள் அதை மறைக்கவும் இல்லை.

"பிரமாதம் டாக்டர். எனக்கு இப்ப மனசு எவ்வளவோ லேசாயிருக்கு."