புளியடிச் சந்தின் வெட்டுத்துணி

நாகர்கோவில் புளியடிச் சந்தில், ஏசுஅடிமையின் கடையில் எடுத்த துணியைத் துவைக்காமல் உடுத்தினால் அன்று பொழுது சாயும்வரை பசிக்காது. பருத்தி என்றால் இரவுச் சாப்பாடும் மிச்சம். கலப்புத் துணி மூன்று மணி வரை தாங்கும். பாலியெஸ்டர் பதினொரு மணிக்கே காலை வாரிவிடும், அதனால் அதை எடுப்பவர்கள் பையில் இரண்டு மட்டிப்பழம் வைத்துக்கொள்வது நல்லது. வியர்வை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒருமுறை தண்ணீர் பட்டுவிட்டால் அது வெறும் துணிதான். வருடத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள மாவட்டத்தில் அது ஒரு சங்கடம், ஆனாலும் இலவசமாகக் கிடைப்பதில் குறை சொல்லலாமா?

இதற்குக் காரணம் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவில் இருந்த பலகைத் தட்டி என்று பிறகுதான் தெரிந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் மீனாட்சியம்மாளின் சைவச் சாப்பாட்டுக் கடை. அவர் காலை ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் ரசவடையும் பழம்பொரியும், பதினொன்றரைக்கு மேல் எரிசேரி, புளிசேரி, அவியல், இடிச்சக்கைத் துவரன் என்று வாசனை வரிசை கட்டி வரும். பலகை இடுக்கு வழியாக நுழைந்து அடுக்கி வைத்த சட்டைகளிலும் சேலைகளிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஏசுஅடிமை முதலில் இதற்காகச் சண்டை போட்டார். கல்யாணத்துக்கு எடுத்த வேட்டியில் வடை மணக்கிறது என்று ஆட்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அவர் தகரம் அடித்தார், தார்ப்பாய் கட்டினார். வாசனை தகரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் விட்டுவிட்டார். ஏசுஅடிமை மீனாட்சியம்மாளை அக்கா என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார். இருவரில் யாருக்கு வயது கூடுதல் என்று அந்தத் தெருவில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை புளியடிச் சந்துக்கு வருகிறவர்கள் நடப்பதில்லை, கூட்டம் அவர்களை நடத்திக்கொண்டு போகும். கீரிப்பாறை எஸ்டேட் பஸ்ஸில் வந்தவர்களும், மணவாளக்குறிச்சியிலிருந்து கடல் காற்றோடு வந்தவர்களும், பூதப்பாண்டிப் பக்கத்து வயல்காரர்களும், லீவில் வந்த துபாய்க்காரர்களும் ஒரே கயிற்றில் தொங்குகிற நைட்டிகளுக்கு அடியில் தலை குனிந்துதான் போக வேண்டும். துணி எடுத்ததும் நேராகச் சந்து முனையில் தையல் மிஷின் போட்டிருக்கும் பெனிஷிடம் போவார்கள். கால் நீளம் குறைக்க, கை வெட்ட, ஜாக்கெட் தைக்க. அங்கே ஒரு கறாரான வழக்கம் உண்டு. வெட்டின துணி, விரல் அகலம் என்றாலும், உடையோடு நூல் போட்டுக் கட்டித் திருப்பித் தந்துவிட வேண்டும். தராத தையல்காரனுக்குத் திருடன் என்று பேர் வந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் அதை என்ன செய்வார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. ஒட்டுப் போட உதவும் என்று பெட்டிக்கு அடியில் போடுவார்கள், அதோடு மறந்துவிடுவார்கள்.

விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவள் பூங்கனி. கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுகிறவள். சேலைக்கு மேல் போட்டுக்கொள்ள ஒரு முழுக்கைச் சட்டை எடுத்து, கையைப் பாதியாக வெட்டிக்கொண்டு போனாள். அடுத்த சனிக்கிழமையே திரும்பி வந்தாள்.

"அண்ணாச்சி, இந்தச் சட்டையில என்ன போட்டிருக்கு? உடுத்தா எனக்குப் பசிக்கல்ல."

"கஞ்சிப்பசையாட்டு இருக்கும்," என்றார் ஏசுஅடிமை.

"அஞ்சு நாளா கொண்டுபோற சோறு அப்படியே திரும்பி வருது. நாய்க்குப் போட்டேன், அது கொழுத்துப் போச்சு. எனக்கு வாயில எரிசேரி ருசியாட்டு இருக்கு."

ஏசுஅடிமை மறுநாள் கடையிலிருந்தே ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனார். பிரசங்கம் நீண்டது. வழக்கமாக அந்நேரம் அவர் வயிறு பாட ஆரம்பித்துவிடும். அன்று பாடவில்லை. வீட்டில் வைத்த சாப்பாட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

அதன் பிறகு பத்துப் பதினைந்து வருடம் இது ஊரறிந்த காரியமாக ஓடியது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பவர்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், வேலை தேடி சென்னை ரயில் ஏறுகிறவர்கள் எல்லாம் ஏசுஅடிமை கடையில்தான் துணி எடுத்தார்கள். சஷ்டி விரதத்தில் இதை உடுத்தலாமா என்று கேட்டதற்குக் கோயிலில் பூசை செய்யும் போற்றி ஒரு வாரம் யோசித்து, வேண்டாம் என்றார். கிறிஸ்தவர்கள் நோன்பு இருக்கும் லெந்து நாட்களில் உடுத்தலாமா என்று கேட்டதற்குப் போதகர் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் வேண்டாம் என்றார். சாப்பாட்டுக் கடைக்கும் கூட்டம் குறையவில்லை. பசி இல்லாமல் வந்து உட்காருகிறவனுக்குத்தான் ருசி முழுதாகத் தெரியும் என்பதை அந்தத் தெரு கண்டுகொண்டது.

நம்பாத ஒரே ஆள் மீனாட்சியம்மாள். "துணி உடுத்தி பசி அடங்குமுண்ணா நான் எதுக்கு அடுப்படியில கெடந்து வேவுதேன்? ஆளப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி," என்பார். அவர் பேரில் குற்றம் இல்லை. அவர்கள் வீட்டில் புதுத் துணியை வாங்கியபடியே உடுத்தமாட்டார்கள். தண்ணீர் காணாத புதுத் துணி கோடி, கோடி போடுவது சவத்துக்கு. எனவே பட்டோ பருத்தியோ, முதலில் வாளியில் முக்கி எடுத்து, காயப்போட்டு, முனையில் மஞ்சள் தொட்டு, பிறகுதான் உடம்பில் படும். ஊருக்கெல்லாம் பசியாற்றிய வாசனை அவர் வீட்டில் மட்டும் வாளித் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது.

போன ஆனி மாதம் மீனாட்சியம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வாரத்தில் காய்ச்சல் போனது, போகும்போது பசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோற்றைக் கண்டால் குமட்டியது. ஓரிரு கரண்டிக்கு மேல் கஞ்சி தொண்டையைத் தாண்டவில்லை. மகள் சுஜா, கம்ப்யூட்டர் சென்டர் வேலைக்கு லீவு போட்டு, கரண்டியும் கையுமாகக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். மருந்து வேலை செய்துவிட்டது, இனி சாப்பாடுதான் மருந்து, இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னார். ஆயிரக்கணக்கான பேருக்கு இலை போட்ட கை, ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்க இரண்டு தடவை யோசித்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் அடுப்பு அணைந்ததும் இந்தப் பக்கம் வாசனை ஏறிய துணிகளும் ஒவ்வொன்றாக விற்றுத் தீர்ந்தன, புதிதாக வந்தவற்றில் ஏற வாசனை இல்லை. ஓணத்துக்குள் ஏசுஅடிமை கடையில் இருந்தவை எல்லாக் கடையிலும் இருக்கும் துணிகள்தான்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. மேல் தட்டில், யாரும் விரும்பாத ஒரு நிறத்தில், பத்தொன்பது வருடமாக விற்காத கைத்தறிச் சேலை. ஏசுஅடிமை ஏணி வைத்து ஏறி அதை எடுத்தார். மடிப்பைப் பிரித்ததும் அவருக்கே ஏப்பம் வந்தது. காகிதத்தில் சுற்றி, ஒரு துளி மழை படாமல் மார்போடு அணைத்துக் கொண்டுபோய் சுஜாவிடம் கொடுத்தார்.

"மக்களே, இத அம்மைக்கு அப்படியே சுத்திவிடு. வேற ஒண்ணும் செய்யண்டாம்."

சுஜா தலையாட்டினாள். அவர் போனபின் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். கட்டிலில் அசையாமல் படுத்திருக்கிற அம்மா. தண்ணீர் காணாத கோடி. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. துணி பசியாற்றும் என்பதை அம்மாவைப் போல அவளும் நம்பியதில்லை. சர்ச்சுக்குப் போகிற வேதக்கார மாமாவுக்கு நம்ம வீட்டு முறை தெரியாது என்று நினைத்துக்கொண்டு, வாளியில் தண்ணீர் பிடித்தாள்.

மறுநாள் ஏசுஅடிமை வந்தபோது சேலை முற்றத்துக் கொடியில், முனையில் மஞ்சளோடு, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். என்ன நடந்தது என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் சுஜாவுக்குப் புரிந்தது.

"கொன்னுட்டேனா மாமா?" என்று கேட்டாள்.

"சீ, என்ன பேச்சு. அம்மைக்கு ஒண்ணும் ஆகப்பிடாதுண்ணுதானே முக்கின. முறையத்தானே செஞ்ச," என்றார். அவளைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. அவளைவிட அவர்தான் கூடுதலாக அழுதார் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை பூங்கனி சந்துக்கு வந்தாள். சாப்பாட்டுக் கடை பூட்டிக் கிடப்பதைக் கண்டு பெனிஷிடம் விசாரித்தாள். பெனிஷ் எல்லாவற்றையும் சொன்னான். அவள் யோசித்தாள். அவளிடம் இருந்த சட்டைகள் எல்லாம் பலமுறை துவைத்து நைந்தவை. பிறகு கேட்டாள்: "நீ வெட்டித் தந்த கைத்துணி? அத நான் நனைக்கவே இல்லையே."

அவள் எஸ்டேட் பஸ்ஸில் திரும்பிப் போய், தகரப் பெட்டியின் அடியிலிருந்து இரண்டு அரைக்கைத் துண்டுகளை எடுத்து மோந்து பார்த்தாள். எரிசேரி, அதுவும் தாளித்து இறக்கிய சூட்டோடு. அடுத்த பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டாள்.

பிறகு நடந்ததைப் புளியடிச் சந்து இன்றும் நன்றியோடுதான் பேசும். செய்தி பஸ் போகிற ஊரெல்லாம் போயிற்று. ஆட்கள் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். பேண்ட் காலில் வெட்டிய வளையங்கள், ஜாக்கெட் போக மிஞ்சிய முக்கோணங்கள், பள்ளி யூனிபார்ம் துண்டுகள், ஞானஸ்நான கவுனின் ஓரம், மாப்பிள்ளைச் சட்டையின் நீளக் கை, எல்லாம் நூல் கட்டுப் பிரிக்காமல் வந்து சேர்ந்தன. மணவாளக்குறிச்சியிலிருந்து ஜின்சி என்கிற மீன்காரப் பெண் நாலு விரல் அகலத்தில் ஒரு நீலத் துண்டு கொண்டுவந்தாள். ஒக்கிப் புயலில் கூரை போன மறுநாள் மகளுக்கு எடுத்த பாவாடையில் வெட்டியது. "அன்னைக்கு அந்த அக்கா சோத்துக்கு எங்ககிட்ட ரூவாயே வாங்கல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பெனிஷ் மூன்று நாள் வேறு வேலை எடுக்காமல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு போர்வை தைத்தான். தைத்த மூன்று நாளும் அவன் ஒன்றும் சாப்பிடவில்லை, இரண்டு கிலோ கூடியிருந்தான்.

போர்வையைக் கொண்டுபோனபோது சுஜா மறுபடி வாசலில் நின்றாள். இதுவும் தண்ணீர் காணாத துணிதானே என்று அவள் கண் கேட்டது. பதில் கட்டிலிலிருந்து வந்தது. பல நாளாகப் பேசாதிருந்த குரல்.

"வெட்டுத்துணி கோடி ஆவாதுட்டி. சவத்துக்கு எவனாவது வெட்டுத்துணி போடுவானா? கொண்டா."

போர்த்தினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மீனாட்சியம்மாள் நாக்கைச் சப்புக்கொட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, "எரிசேரி," என்றார். "தேங்கா நல்லா செவந்திருக்கு. இது யாரு வச்சது?"

"நீங்கதான் அக்கா," என்றார் ஏசுஅடிமை.

"நானா? கொள்ளாமே," என்று தன் கையையே மெச்சினார் அம்மாள். முப்பது வருடம் சமைத்தவர், அடுப்படி அவசரம் இல்லாமல் தன் சமையலைச் சாப்பிட்டது அன்றுதான் முதல்தடவை. அன்றிலிருந்து வரிசையாகச் சாப்பிட்டார். பச்சைத் துண்டில் அவியல், கோடு போட்டதில் புளிசேரி, யூனிபார்மில் ரசவடை. கன்னத்தில் சதை வைத்தது. ஐந்தாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, போர்வையின் நீலத் துண்டு கழுத்தருகே வந்தபோது, முகத்தைச் சுளித்தார்.

"என்ன எழவு இது, உப்பு கரிக்கே." கொஞ்சம் யோசித்தார். "ஒக்கி அடிச்ச மறுநாளு. கரண்டு இல்ல. இருட்டுல ரெண்டு தடவ உப்பு போட்டிருக்கேன்." எழுந்து உட்கார்ந்து சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "அன்னைக்கு எரநூறு பேரு தின்னாவளே. ஒருத்தராவது சொன்னீங்களா?"

பூங்கனி தரையைப் பார்த்தாள்.

"நானும்தான் தின்னேன் அக்கா. ரெண்டாவதும் வாங்கித் தின்னேன்," என்றார் ஏசுஅடிமை.

மீனாட்சியம்மாள் அவரைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. பிறகு காலைக் கீழே வைத்து, "சுஜா, கடைச் சாவி எங்கட்டி?" என்று கேட்டார்.

கார்த்திகை முதல் தேதி அடுப்பு எரிந்தது. கிறிஸ்துமஸ் துணி எடுக்க வந்தவர்களுக்குப் பழையபடி பசியில்லாத சட்டைகள் கிடைத்தன. போர்வை இப்போது சாப்பாட்டுக் கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்குகிறது. நோயாளிக்கு என்று கேட்டால் யாருக்கும் தருவார்கள், திருப்பிக் கொண்டுவந்து தொங்கவிட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். தொடக்கத்தில் அந்த நீலத் துண்டை மட்டும் பிரித்து எடுத்துவிடும்படி மீனாட்சியம்மாள் பெனிஷிடம் சொல்லிப் பார்த்தார். தெருவில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. அதனால் போர்வையைக் கொடுக்கும்போது அவரே இரண்டு விஷயம் சொல்லி அனுப்புகிறார்: நனைக்காதீர்கள், மூன்று மணிக்கு நீலத் துண்டின் உப்பில் தாகம் எடுக்கும், பக்கத்தில் தண்ணீர் வைத்திருங்கள்.