நேராக ஓடாத டிராக்டர்

மலாய்ப் பெண் சித்தி ஹாஜராவின் தேநீர் வண்டியை நசுக்கிவிட்டு, புல்வெட்டும் டிராக்டர் லோங்காங் சாக்கடையில் மூக்குக் குத்தி நின்றது. காலை மணி பத்து இருபது. வண்டிக்குப் பின்னால் நிற்க வேண்டியவள், உருண்டோடிய டம்ளர் மூடியை எடுக்க நாலடி தள்ளிப் போயிருந்தாள். அந்த நாலடியில் தப்பினாள்.

"மூடி எடுக்கப் போனேன் லா," என்றாள், கையிலிருந்த மூடியைப் பார்த்தபடி.

டிராக்டரிலிருந்து தங்கராஜு இறங்கினான். மலேசியாவின் பிறை ஊரிலிருந்த அந்தத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாகப் புல் வெட்டுபவன்.

பணியாளர் அதிகாரி குலசேகரம் வந்தார். அருகில் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"குடிச்சிட்டோ வந்தனி?"

"இல்லைங்க ஐயா. ஸ்டீயரிங்க ஒடிக்கிறேன், வண்டி அது பாட்டுக்கு நேரா போவுது."

"பவர் ஸ்டீயரிங். சுண்டு விரலால திருப்பலாம் எண்டு நீதானே சொன்னனி. ரெண்டு மணிக்கு மெக்கானிக் ரிப்போர்ட் வரவேணும். வண்டியில பிழை இல்லையெண்டால் உனக்கு இங்க வேலை இல்லை."

மெக்கானிக் நல்லமுத்து, தொழிற்சாலைப் பட்டறையின் ஒரே ஆள். டிராக்டரைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தார்கள்.

முதலில் எண்ணெய். கொஞ்சம் குறைவு, ஊற்றினான். உள்ளே காற்று இருந்தால் வெளியேறட்டும் என்று ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பத்துத் தடவை திருப்பினான். பெல்ட் இறுக்கமாக இருந்தது. டயர்களில் காற்று சரி. ஆனாலும் ஸ்டீயரிங் கால் சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரம் அசைந்தது.

"தண்ணி போட்டது நீயா, வண்டியாடா?" என்றான், பக்கத்தில் நின்ற தங்கராஜுவிடம்.

தங்கராஜு சிரிக்கவில்லை. "மூணு நாளா சொல்றேன் அண்ணே, வண்டி அலையுதுன்னு. எண்ணெய் கொறஞ்சிருக்கும், அப்பறம் பாக்கலாம்னீங்க. மணி ஒன்னே கால் ஆச்சு."

"மேல ஏறு. லேசா இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டே இரு."

நல்லமுத்து டார்ச்சோடு அடியில் நுழைந்தான். ஸ்டீயரிங் ஆட ஆட, சிலிண்டரின் தண்டு போய்ப் போய் வந்தது. ஆனால் அதைச் சக்கரத்தோடு கோக்கும் மூட்டு, ஆடும் பல் போல அதன் ஓட்டைக்குள்ளேயே ஆடியது. மூட்டின் அடியில் இருந்த நட்டைத் தொட்டான்.

நட்டு விரலுக்கே சுற்றியது.

அது கழன்றுவிடாமல் குறுக்கே செருகும் கம்பிப் பின்னைக் காணோம்.

அந்த மூட்டை மாற்றியவன் நல்லமுத்துதான். நாலு நாளைக்கு முன்பு, ஆயுத பூஜையன்று. நட்டைக் கையால் ஏற்றிவிட்டு ஸ்பேனரை எடுத்த நேரம், 'தீபாராதனை தொடங்கப் போகுது, சாமானெல்லாம் சாமியிட்ட வை' என்று குரல் வந்தது. ஸ்பேனரோடு கம்பிப் பின்னையும் வைத்துவிட்டான். சாமியிடம் வைத்த இரும்பை மறுநாள் பூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. மறுநாள் ஸ்பேனரை எடுத்ததும், பிரேக் பிடிக்காத லாரி ஒன்று காத்திருந்தது. அதற்குள் தங்கராஜு டிராக்டருக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஓட்டிப் போயிருந்தான்.

அடியிலிருந்து வெளியே வந்தான். பட்டறை மூலையில் சாமி படத்தின் முன், வாடிய பூவுக்குக் கீழே துழாவினான். கம்பிப் பின் கிடைத்தது. அதில் குங்குமம் ஒட்டியிருந்தது.

யாரும் பார்க்கவில்லை. நட்டை இறுக்கி, பின்னைச் செருக மூன்று நிமிடம் போதும். 'பிழை இல்லை' என்று எழுத இன்னும் ஒரு நிமிடம். கண் முன்னே, டம்ளர் மூடியோடு நின்ற சித்தி ஹாஜரா.

நல்லமுத்து நட்டைத் தொடவில்லை. குலசேகரத்தைக் கூட்டி வந்தான்.

"குனிஞ்சு பாருங்க ஐயா. நட்டு இறுக்கல. தங்கராஜு மேல தப்பு இல்ல."

"ஆர் பூட்டினது?"

நல்லமுத்து கையை விரித்தான். உள்ளங்கையில் அந்தக் கம்பிப் பின். "நான்தான். பூஜைக்கு வெச்சவன், திரும்ப எடுக்க மறந்துட்டேன்."

குலசேகரம் குங்குமத்தைப் பார்த்தார். அன்று பூஜைக்கு அவசரப்படுத்தியது அவர் குரல். ஒவ்வொரு சாமானுக்கும் பொட்டு வைத்ததும் அவர் விரல்.

"ஒபிசுக்கு வா, நல்லமுத்து," என்றார். "ரிப்போர்ட்டில எங்கட ரெண்டு பேரின்ர பெயரும் எழுதவேணும்."

மேலே தங்கராஜு, நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல், இன்னும் ஸ்டீயரிங்கை ஆட்டிக்கொண்டிருந்தான்.