பன்னிரண்டாவது கெண்டை

கடைசி விசிலுக்கு இன்னும் பதினேழு நிமிஷம் இருந்தது. கோபால்சாமிக்குக் கை வியர்த்து, அட்டைமேல் பென்சில் வழுக்கியது. தூண்டில் பிடித்திருந்த பிள்ளைகள்கூட அப்படி வியர்க்கவில்லை.

ஏரிக்கரை நெடுக வெள்ளைக் குச்சி நட்டு, இருபது நம்பர் போட்டிருந்தார்கள். குச்சிக்கு ஒரு பிள்ளை, ஒரு தூண்டில், தண்ணீரில் தொங்கும் ஒரு வலைப்பை. இலங்கை, மலேசியா, நேபாளம் என்று ஐந்து தேசத்துப் பிள்ளைகள் அந்தத் தை மாசத்தில் ஜவ்வாது மலை ஏறி வந்திருந்தார்கள். பிடித்த மீனைச் சாகவிடாமல் பையில் வைத்து, எடை போட்டு, மறுபடி ஏரியிலேயே விட்டுவிடுவார்களாம். விடுவதற்கா இவ்வளவு தூரம் வந்து பிடிக்கிறார்கள் என்று மலை ஜனம் மூன்று நாளாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

கோபால்சாமி காட்டிலாகாவில் வாட்சர். ஆள் போதவில்லையென்று அவனை ரேஞ்சரிடம் இரவல் கேட்டு வாங்கி, பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் காவல் வைத்திருந்தார்கள். ஒரு மீன் வந்தால் அட்டையில் ஒரு கோடு போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் பதினொன்றில் உட்கார்ந்திருந்த செல்லியம்மாள் அவனுடைய சொந்த அக்கா மகள். வந்த பெண்ணொருத்தி காய்ச்சலில் படுத்துக்கொண்டதால் கடைசி நேரத்தில் சேர்த்த பதினேழு வயசுப் பெண். இவள் உனக்கு என்ன உறவென்று யாரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. இன்னிக்கி மட்டும் என்னை மாமா என்று கூப்பிடாதே என்று விடியற்காலையிலேயே அவளிடம் சொல்லி வைத்திருந்தான்.

மலைப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. எட்டை முடித்துவிட்டு மூன்று வருஷமாகச் சாமை குத்திக்கொண்டிருந்தாள் செல்லியம்மாள். உப்பு மடித்து வந்த காகிதத்தையும் நீவிவிட்டுப் படிக்கிற பெண். நர்ஸ் ஆகவேண்டும் என்பாள். முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிட்டால் வேலூரில் விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்கிறோம் என்று போட்டி நடத்தும் சங்கம் சொல்லியிருந்தது. அவளுக்கு வேண்டியது அந்த மூன்றாவது இடம்தான், மெடல் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை.

அட்டையில் அவள் பேரில் பதினொரு கோடு. பக்கத்தில் பன்னிரண்டாம் குச்சியில் நேபாளத்துப் பையன் தேஜ் பகதூர். காலை ஏழு மணியிலிருந்து ஒரு பொடிமீன் இல்லை. அவன் தூண்டில் பளபளவென்று பார்க்கத் திருவிழாக் கணக்காக இருந்தது, ஆனால் தக்கை அசையவே இல்லை. பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணில் நீர் கட்டி நின்றது.

ஒன்பது நிமிஷம் இருக்கும்போது செல்லியம்மாளின் மூங்கில் கழி வளைந்தது. நல்ல கெண்டை, அரைக் கிலோவுக்குக் குறையாது. கோபால்சாமி பன்னிரண்டாவது கோட்டைப் போட்டான். இரண்டாம் இடமே வந்துவிடும் என்று அவன் மனசு துள்ளியது.

துள்ளி அடங்குவதற்குள் அவள் எழுந்தாள். அந்தக் கெண்டையைத் தன் பையில் போடாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்ப் பன்னிரண்டாம் குச்சியின் வலைப்பையில் விட்டாள். பையன் வேண்டாம் வேண்டாமென்று தலையாட்டினான். அவள் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அந்த ஏரியில் அப்படித்தான், கிடைத்தவர் கிடைக்காதவருக்கு ஒன்று கொடுத்துவிட்டுத்தான் கரையேறுவார். அதிலும் பொடிசாகப் பார்த்துக் கொடுத்தால் கேவலம். கோபால்சாமியே அப்படி எத்தனையோ தடவை வாங்கி வந்து குழம்பு வைத்துத் தின்றிருக்கிறான். ஆனால் போட்டிச் சட்டத்தில் மீன் கை மாறினால் இரண்டு பேருமே அவுட்.

குனிந்து அட்டையைப் பார்ப்பதுபோல அவள் பக்கத்தில் போனான்.

"இன்னா வேல பண்ண நீ? அடுத்தவங்க வலையத் தொடக்கூடாதுன்னு நேத்து படிச்சிக் காட்னேனா இல்லியா?"

"எடுக்கக்கூடாதுன்னுதான? நான் குடுத்தேன்," என்றாள். "பாவம், காலைலேர்ந்து ஒண்ணுமில்ல அதுக்கு."

இவளை என்ன செய்வது? சுற்றிலும் பார்த்தான். தலைமை நடுவர் துரைக்கண்ணு எதிர்க்கரையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கோபால்சாமி பென்சிலைத் திருப்பி, அதன் பின்னாலிருந்த ரப்பரால் செல்லியம்மாள் பேரில் ஒரு கோட்டை அழித்தான். பையன் பேரில் ஒரு கோட்டைப் போட்டான். தலை நிமிர்ந்தபோது தேஜ் பகதூர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விசில் ஊதியது.

எடை போட ஒரு யுகம் ஆனது. ஒவ்வொரு பையையும் தராசில் மாட்டும்போது கோபால்சாமி மூச்சைப் பிடித்துக்கொண்டான். செல்லியம்மாளுக்கு மூன்று கிலோ எண்ணூற்று நாற்பது. அடுத்து வந்த மலேசியப் பையனுக்கு மூன்று கிலோ எழுநூற்றுத் தொண்ணூறு. ஐம்பது கிராமில் அவளுக்கு மூன்றாம் இடம். அப்பாடா என்று கோபால்சாமி அங்கேயே பாறைமேல் உட்கார்ந்துவிட்டான். அவள் வேலூர் போகிறாள், இனி எவன் தடுப்பான்!

துரைக்கண்ணு நல்ல மனுஷர். பச்சை ரிப்பனை அவள் தாவணியில் குத்திவிட்டு, மூங்கில் கழியை வைத்துக்கொண்டு எத்தனை மீன் பிடித்தாயம்மா என்று ஆசையாகக் கேட்டார்.

"பன்னெண்டுங்க," என்றாள் செல்லியம்மாள் சந்தோஷமாக. "ஒண்ண அந்தப் புள்ளைக்குக் குடுத்துட்டேங்க."

துரைக்கண்ணு அட்டையை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். ரப்பர் தேய்த்த இடம் அழுக்காகத் தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் கோபால்சாமி எழுந்துவிட்டான்.

"நான்தாங்க அழிச்சேன். அதுக்குத் தெரியாதுங்க. அது என் அக்கா பொண்ணு."

ரிப்பனை அவள் தானே கழற்றிக் கொடுத்தாள். மலேசியப் பையனுக்குக் கை தட்டினார்கள். ரேஞ்சருக்கு எழுதாமல் விடமுடியாது என்று துரைக்கண்ணு வருத்தத்தோடுதான் சொன்னார். கோபால்சாமி காக்கிச் சட்டையின் பட்டையைத் தடவிக்கொண்டு சரிங்க என்றான். பதினோரு வருஷ வேலை போய்விடும் என்று அவனுக்குத் தெரியும்.

ஊருக்குப் போகும் மேட்டுப்பாதையில் அவன் முன்னால் நடந்தான். வீடு போய்ச் சேருகிறவரை இவளைத் திட்டித் தீர்ப்பது என்றுதான் கிளம்பியிருந்தான்.

"அப்போ வேலூரு இல்லியா, மாமா?"

அவன் திரும்பாமலே நடந்தான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. தேஜ் பகதூர். கீழே பஸ் ஹாரன் அடித்து அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் மூட்டை கட்டும்போது அவன் மட்டும் பன்னிரண்டாம் குச்சிக்கே போய் உட்கார்ந்துவிட்டானாம், பிறகு தெரிந்தது. முழங்கால் வரை சேறு. இரண்டு கையிலும் ஏந்தி, அரைச் சாண் நீளத்தில் ஒரு கெண்டைக்குஞ்சை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டதும் திரும்பி ஓடிவிட்டான்.

செல்லியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்த மீனையே பார்த்தாள். அப்புறம் நாலு எட்டு முன்னால் வந்து அதைக் கோபால்சாமியின் கையில் வைத்தாள்.

"நீ எடுத்துக்கோ மாமா. இன்னிக்கி வெறுங்கையோட போறது நீதான்."

வேண்டாம் என்று சொல்ல அவன் வாயெடுத்தான். ஆனால் அந்த ஏரியில் கொடுத்ததை வேண்டாமென்று சொல்கிற வழக்கம் கிடையாது.