முப்பத்தொன்றாம் அறையின் ஷட்டர்

நிவெஸ் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, கேட்காமலே சாவிக்குக் கையை நீட்டினாள். வருஷா வருஷம் ஆகஸ்டில் தன் ஊரான கிரெமோனாவிலிருந்து ரயிலேறி வந்து, இதே கடற்கரை ஓட்டலில், இதே மேசைக்கு முன்னால் நீட்டுகிற கை. அதில் விழ வேண்டியது முப்பத்தொன்றாம் அறைச் சாவி. கடலைப் பார்த்த பால்கனி உள்ள அறை. விழுந்தது ஒன்பது.

"தெர்னா, கண்ணாடி போடலையா? இது ஒன்பது."

ஓட்டல்காரி தெர்னா மேசையைச் சுற்றி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். "கில்தோ இல்லாம நீ தனியா வந்து நிக்கிறதை என்னால பாக்க முடியலைம்மா" என்று கண்ணைத் துடைத்தாள். நிவெஸின் புருஷன் கில்தோ ஜனவரிக் கடைசியில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

"சரி. ஒன்பது எதுக்கு?"

"நீதானே அந்த ரூம் வேணாம்னே? அதுக்குள்ள காலெடுத்து வைக்க முடியாதுன்னு லொரெத்தாகிட்ட அழுதியாம். அவதான் போன்ல சொன்னா. தனி ஆளுக்கு ஒன்பது போதும், அமைதியா இருக்கும்."

அவள் அமைதி என்று சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் சமையலறையில் ஒரு தட்டு அடுக்கு சரிந்து விழுந்தது.

தெர்னாவைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஓட்டலில் பதிவு என்றால் வாய்ப்பேச்சுதான். நிவெஸும் கில்தோவும், லொரெத்தாவும் அவள் புருஷன் துல்லியோவும் இந்தச் சாப்பாட்டுக் கூடத்தில்தான் பழகினார்கள். கடற்கரையில் குடை பக்கம் பக்கம், சீட்டாட்டம் ஒன்றாக. பிறகு நாலு பேருக்கும் சேர்த்து யாராவது ஒருத்தர் போன் செய்தால் போதும் என்றாகிவிட்டது. எப்போதும் செய்வது நிவெஸ்தான். இந்த வருஷம் ஈஸ்டரின்போது தெர்னாவுக்குப் போன் போட அவளுக்கு மனசு வரவில்லை. "நீயே தெர்னாகிட்ட சொல்லிடுடி. அதே ரூம், அதே மேசை" என்று லொரெத்தாவிடம் விட்டுவிட்டாள். அதே ரூம் என்று சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இந்த வருஷத்தை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியதே அந்த அறைக்காகத்தான். வீட்டில் கில்தோவின் நாற்காலியைப் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தாள். அந்தப் பால்கனியில் மட்டும் அவன் பக்கத்தில் இருப்பதுபோல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடலாம் என்று ஒரு ஆசை. பெரிய ஆசையா அது? வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்கவில்லை.

ஒன்பதாம் அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். மீன் பொரித்த எண்ணெய் வாசம் தலையணை வரைக்கும் ஏறியிருந்தது. ஒற்றைக் கட்டில், ஒற்றைத் துண்டு. புருஷன் செத்துப்போனால் துண்டிலும் பாதி போய்விடும்போல. நிவெஸ் பெட்டியைப் பிரிக்காமல் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கினாள்.

அவளுக்குச் சமையலறைக் கதவோரம், தூணுக்குப் பின்னால் மேசை போட்டிருந்தார்கள். ஜன்னலோரத்து மேசையில், நிவெஸின் மேசையில், லொரெத்தாவும் துல்லியோவும் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே மிச்சமான ஒயின் பாட்டிலின் கழுத்தில் அறை எண்ணை எழுதி அடுத்த வேளைக்கு எடுத்துவைப்பது வழக்கம். லொரெத்தாவின் முன்னாலிருந்த பாட்டிலில் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தது. நிவெஸ் அந்த எண்ணை இரண்டு தடவை படித்தாள். அதுவரைக்கும், ஏதோ குழப்பம், லொரெத்தா வந்தால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தாள், பாவம்.

"வந்துட்டியா என் கண்ணு!" லொரெத்தா எழுந்தோடி வந்தாள். முத்தத்துக்கு நிவெஸ் கன்னத்தைக் கொடுக்கவில்லை.

"என் ரூம்ல நீ இருக்கே."

"உன் நல்லதுக்குத்தான்டி. அந்தக் கடலைப் பாத்தா உனக்கு மனசு தாங்குமா? ராப்பகலா அழுதுக்கிட்டுல்ல கிடப்பே. நாங்க எடுக்கலைன்னா கண்டவங்க வந்து படுப்பாங்க. நம்மளோடது நம்மகிட்டயே இருக்கட்டும்னுதான்."

"நான் அதே ரூம்னு சொன்னேன்."

"துக்கத்துல இருக்கிறவங்க சொல்றதையெல்லாம் அப்படியே எடுத்துக்க முடியுமா?"

"காலெடுத்து வைக்க முடியாதுன்னு உன்கிட்ட எப்போ அழுதேன்?"

லொரெத்தா வாயைத் திறப்பதற்குள் துல்லியோ வாயில் லசான்யாவை வைத்துக்கொண்டே குறுக்கே வந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் எந்த நேரத்தில் எதைச் சொல்லக்கூடாது என்பது மட்டும் அவனுக்கு ஜென்மத்துக்கும் பிடிபடாது.

"பிப்ரவரியில இவ தெர்னாவுக்குப் போன் பண்ணும்போதே சொன்னேன் நிவெஸ், உன்னை ஒரு வார்த்தை கேட்டுக்கட்டும்னு. கேட்டாளா?"

லொரெத்தா அவனைப் பார்த்த பார்வையில் லசான்யா ஆறிப்போயிருக்கும்.

பிப்ரவரி. நிவெஸ் அவளிடம் போன் செய்யச் சொன்னது ஈஸ்டருக்கு. அதற்கு எத்தனையோ வாரம் முன்னால், கல்லறையில் வைத்த பூ வாடுவதற்குள், இவள் போனை எடுத்திருக்கிறாள். சர்ச்சில் நிவெஸின் தோளைப் பிடித்துக்கொண்டு "நான் இருக்கேன்டி, நான் இருக்கேன்" என்று அழுத அதே லொரெத்தா. அழுதுகொண்டிருக்கும்போதே மனசுக்குள் பால்கனியை அளந்துகொண்டிருந்தாளோ என்னவோ. ஈஸ்டருக்கு நிவெஸ் கெஞ்சியபோது, "கவலைப்படாதே, நான் பாத்துக்கிறேன்" என்று கூசாமல் சொன்னாளே! வாய்விட்டுக் கேட்டிருந்தால் நிவெஸ் பாதி நாளை அவளுக்குக் கொடுத்திருப்பாள். நம்பிய பிறகு முதுகில் குத்தியதுதான் தாங்கவில்லை.

"அந்த ரூம்ல அப்படி ஒண்ணும் சுகமில்ல" என்றான் துல்லியோ, சமாதானம் செய்கிறவன்போல. "வந்ததுலேருந்து பால்கனி ஷட்டர் தூக்கவே வரலை. பட்டப்பகல்ல விளக்குப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம். ஊரே லீவுல கிடக்கு, ஆகஸ்ட் பண்டிகை முடியாம எந்த மெக்கானிக் வரப்போறான்?"

"கில்தோ ஏதோ பண்ணுவானே, நிவெஸ்" என்றாள் லொரெத்தா, குரலில் தேனைக் குழைத்து. "உனக்குத் தெரியும்ல? கொஞ்சம் வந்து பாரேன்டி."

கேட்பதற்கும் ஒரு முகம் வேண்டும். அது லொரெத்தாவுக்கு இருந்தது.

"வா" என்றாள் நிவெஸ்.

மூன்றாவது மாடி ஏறி, தன் அறைக்குள் விருந்தாளியாக நுழைந்தாள். குகை இருட்டு. கில்தோ படுக்கும் பக்கத்தில் துல்லியோவின் செருப்பு. நிவெஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, அலமாரியின் உச்சியில் கையை விட்டுத் துழாவினாள். இருந்தது. துணி மாட்டும் கம்பியை வளைத்து கில்தோ செய்த கொக்கி. பஸ் டிப்போ மெக்கானிக்காக வேலை பார்த்தவன் அவன். தூக்கிய ஷட்டர் விழாமல் அதன் நாடாவைப் பிடித்து நிறுத்தும் பூட்டு கெட்டுப்போன வருஷத்தில் செய்தது. தெர்னாவிடம் சொன்னால் செலவு வைப்பாள் என்று, ஊருக்குக் கிளம்பும்போது அலமாரிமேலேயே ஒளித்துவைத்துவிட்டுப் போவான்.

நிவெஸ் ஷட்டரின் இடது கீழ்மூலையில் காலால் ஓர் உதை விட்டாள். நாடாவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். சட்டங்கள் கடகடவென்று மேலே ஏறின. நாடாவைக் கொக்கியில் மாட்டி, கொக்கியைச் சுவரின் ஆணியில் தொங்கவிட்டாள். வெளிச்சம் கட்டில் வரைக்கும் வந்து விழுந்தது. கீழே வரிசை வரிசையாகக் குடைகள், அதற்கப்பால் கடல்.

"அம்மாடி!" லொரெத்தா கையைக் கட்டிக்கொண்டு வாசல் நிலையில் சாய்ந்தாள். "இப்படி இருக்கும்னுதான்டி இத்தனை வருஷமா..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

நிவெஸ் பால்கனிக்குப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். உட்கார நினைத்திருந்தது அங்கேதான். இனி முடியாது என்று தெரிந்தது. பிறகு கொக்கியைக் கழற்றினாள்.

ஷட்டர் பெருஞ்சத்தத்தோடு விழுந்தது. சட்டம் ஒன்று முறிந்த சத்தமும் கேட்டது. இருட்டில் லொரெத்தா அலறினாள்.

"அடிப்பாவி, என்னடி பண்றே!"

"கம்பி கில்தோவோடது, நான் எடுத்துக்கிறேன்." நிவெஸ் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "கடலைப் பாத்தா மனசு தாங்காது லொரெத்தா. உன் நல்லதுக்குத்தான்."

படியில் இறங்கும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று வாய்விட்டு அழுதாள். கில்தோவுக்காக அழவேண்டியதையெல்லாம் அவள் ஏற்கெனவே அழுதிருந்தாள். இது லொரெத்தாவுக்காக.