தனக்குப் போட்டுக்காதவ

வளர்மதிக்கு ஓட்டுப் போடுகிற நாள் என்றால் உயிர். தீபாவளிக்குக்கூட அவள் அப்படிக் கிளம்பினவள் கிடையாது. காலையிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு, பெட்டியில் கிடக்கிற நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, நேராக எதிர்வீட்டு வாசலில் போய் நின்று, "இன்னாடி பவளம், இன்னும் சிங்காரிச்சிக்கினே கீறியா?" என்று ஒரு சத்தம் போடுவாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் எங்கள் தெருவுக்கு எலக்‌ஷன் ஆரம்பித்த மாதிரி. அதெல்லாம் ஒரு காலம்.

இரண்டு பேரும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு வாழ வந்தவர்கள். வளர்மதி வாலாஜாபாத் பக்கம், பவளம் ராஜகுளத்துக்காரி. அப்போதெல்லாம் புது மருமகள் தண்ணீருக்குப் போனாலும் கழனிக்குப் போனாலும் பின்னாலேயே மாமியார் கண் வரும். ஆனால் பாருங்கள், பள்ளிக்கூடத்து பூத்தில் அட்டையை மடித்து ஒரு மறைப்பு வைத்திருப்பார்களே, அதற்குள் மட்டும் ஒருத்தரும் வரமுடியாது. மாமியார் வரமுடியாது, புருஷன் வரமுடியாது, ஊர்ப் பெரியதனம் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தாலும் வெளியேதான் நிற்கணும். முதல் தடவை உள்ளே போன வளர்மதி வெளியே வரவே இல்லை. ஆபீசர் குரல் கொடுத்த பிறகுதான் வந்தாள்.

"உள்ள இன்னாடி பண்ண அம்மாம் நேரம்?" என்று பவளம் கேட்டாள்.

"சொம்மாதான் நின்னுக்கினு இருந்தேன். நல்லா இருந்துச்சிடி."

திரும்பி வரும்போது ஆளுக்கொரு குச்சி ஐஸ். மை வைத்த விரலை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு, ஏரிக்கரை வழியாக வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு வருவார்கள். புருஷன் அடித்தது, மாமியார் திட்டினது, வயிற்றில் தங்காமல் போன பிள்ளை என்று எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பார்கள். யாருக்குப் போட்டோம் என்பதை மட்டும் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டதே இல்லை. வேறு எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளத் தெரியாத பெண்கள் அவர்கள். அந்த ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் பந்தி. ஊரில் கல்யாணமோ காதுகுத்தோ எதுவென்றாலும் பந்தி இவர்கள் இரண்டு பேர் கையில்தான். சோற்றுக் கூடை பவளத்திடம், சாம்பார் வாளி வளர்மதியிடம். யார் வீட்டுக் கிழவனுக்கு உப்பு ஆகாது, எந்தப் பிள்ளை கத்தரிக்காயை ஒதுக்கும் என்பதெல்லாம் வளர்மதிக்கு மனப்பாடம். ஆனால் அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் தன் இலைக்குத் தானே ஒரு கரண்டி போட்டுக்கொள்ள மாட்டாள். தனக்குத் தானே போட்டுக்கொள்கிறவளை அவள் பிறந்த வீட்டில் 'அலையறவ' என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தார்கள். கடைசிப் பந்தியில் பவளத்தைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள். "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடறேன்." அப்படித்தான் இத்தனை வருஷமும் சாப்பிட்டார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் போன பஞ்சாயத்து எலக்‌ஷனில் எங்கள் ஊர்த் தலைவர் பதவியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே குடவோலை போட்டுத் தேர்தல் நடத்தின சீமை என்று உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி மேடைக்கு மேடை பேசுவார்கள். அந்தக் கல்லில் பொம்பளை நிற்கலாம் என்று ஒரு வரி கிடையாது. அதை எவனும் பேச மாட்டான். ஒதுக்கீடு வந்ததும் ஆண்களுக்குப் பேஜாராகப் போய்விட்டது. திருவிழாச் சண்டையில் ஏற்கெனவே ஊர் இரண்டாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கூடிப் பேசினார்கள். இரண்டு பக்கமும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். எல்லார் வீட்டுப் பந்தியிலும் கை வைத்தவள் எவளோ அவளை நிறுத்து! இந்தப் பக்கம் வளர்மதி, அந்தப் பக்கம் பவளம்.

"நீ கையெழுத்து மட்டும் போடு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான் வளர்மதியின் புருஷன் மோகன். அவளும் போட்டாள். உனக்கு வேணுமா வேணாமா என்று ஒரு ஆள் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவளுக்குப் பூட்டு சாவி சின்னம். பவளத்துக்குக் கத்தரிக்காய். அடுத்த நாளிலிருந்து எதிரும் புதிருமான இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது என்று ஆண்கள் சட்டம் போட்டுவிட்டார்கள். வாசல் தெளிக்கும்போது இரண்டு பேரும் நிமிராமல் தெளிப்பார்கள். பவளம் சும்மா ஒரு தடவை இருமுவாள். வளர்மதியும் பதிலுக்கு இருமுவாள். பேச்சு அவ்வளவுதான்.

ஓட்டுக் கேட்கப் போன இடத்தில்தான் வளர்மதிக்கு என்னவோ ஆனது. முதலில் மோகன் சொல்லிக்கொடுத்த மாதிரி, "ஆவட்டும், பாத்துக்கலாம்" என்றுதான் தலையாட்டினாள். காலனியில் சிட்டம்மாள் என்கிற கூலிக்காரப் பெண் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயைக் காட்டினாள். "திருப்பிப் பாருங்க. காத்துதான் வருது. ஓட்டு கேக்க வர்றவங்க எல்லாம் இத பாத்துட்டுத்தான் போறாங்க." அன்றைக்கு வளர்மதிக்குச் சோறு இறங்கவில்லை. எந்த முனையில் குழாயைத் திருப்பினால் காலனிக்குத் தண்ணீர் ஏறும், பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குக் கதவு போட யாரைப் பிடிக்கணும் என்று மாடு கறக்கும்போதும் அதே நினைப்பு. அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. ஏன் இனிக்கிறது என்று யோசிக்கக்கூட வெட்கமாக இருந்தது.

ஓட்டு நாள் வந்தது. எதிர்வீட்டு வாசலில் சத்தம் இல்லை. மோகன் ஆட்கள் அவளை ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டுபோய் இறக்கினார்கள். அதே பள்ளிக்கூடம், அதே அட்டை மறைப்பு. தலைவர் பதவிக்கான ரோஸ் கலர் சீட்டை விரித்து வைத்தாள். பூட்டு சாவி. கத்தரிக்காய். முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்துவிட்டாள், ஆனால் கை இறங்கவில்லை. தனக்குத் தானே போட்டுக்கறதா? சீ! உடம்பெல்லாம் கூசியது. யாரும் பார்க்கவில்லைதான். அதனால் என்ன, அவள் பார்க்கிறாளே. பவளம் எனக்குப் போடுவாள், நான் பவளத்துக்குப் போட்டால் சரியாகப் போய்விடும், பேச்சு இல்லாவிட்டால் என்ன என்று நினைத்தாள். நினைத்ததும் மனசு லேசாகிவிட்டது. கத்தரிக்காய்மேல் நன்றாக அழுத்திக் குத்திவிட்டு வெளியே வந்தாள்.

உத்திரமேரூரில் எண்ணினார்கள். எண்ணி முடித்ததும் மறுபடியும் எண்ணச் சொன்னார்கள். எத்தனை தடவை எண்ணினாலும் பவளம் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்திருந்தாள். ஒரே ஒரு ஓட்டு, சாமி! அதை இந்தப் பக்கம் போட்டிருந்தால் ஜெயித்தவள் வளர்மதி. அவளுக்கு அது அங்கேயே புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் தெருவே இரண்டுபட்டது. நம்ம பக்கத்து ஓட்டு ஒன்று மாறிப் போயிருக்கிறது, அது யார் என்று தேட ஆரம்பித்தார்கள். தேடி, ஆளையும் பிடித்துவிட்டார்கள். வளர்மதியின் ஓர்ப்படி சசிரேகா, மோகனுடைய தம்பி பெண்டாட்டி. அவளுக்கும் பிறந்த ஊர் ராஜகுளம், பவளத்துக்கும் ராஜகுளம். இதைவிட என்ன சாட்சி வேண்டும் ஆம்பளைகளுக்கு? எல்லையம்மன் கோயில் வாசலில் அவளை நிறுத்தி, தட்டில் கற்பூரத்தை ஏற்றி, "பூட்டு சாவிக்குத்தான் போட்டேன்னு அணைச்சி சத்தியம் பண்ணு" என்றான் அவள் புருஷன்.

சசிரேகா கையைக் கட்டிக்கொண்டாள். "யாருக்குப் போட்டேன்னு இதுவரைக்கும் உன்கிட்டயே சொன்னதில்ல. ஊருக்கு இன்னாத்துக்கு சொல்லணும்? அணைக்க மாட்டேன்."

"பாத்தீங்களா, பாத்தீங்களா, வாயாலயே ஒத்துக்கினா!" என்று கூட்டம் கத்தியது. "இனிமே உனக்கு இந்த வூட்ல எடம் இல்ல. ராஜகுளத்துக்கே போ" என்று புருஷன் கையை ஓங்கிவிட்டான்.

ஓங்கின கையை வளர்மதி பிடித்தாள். எப்போது வந்தாள், எப்படிக் கூட்டத்துக்குள் புகுந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"அவள வுடு. மாத்திப் போட்டது நானு."

மோகனுக்கு முதலில் விளங்கவே இல்லை. "இன்னா போட்ட?"

"கத்திரிக்காய்க்குப் போட்டேன்."

"உனக்கு இன்னா பைத்தியமா பிடிச்சிக்கிச்சி?"

"எனக்கு நானே எப்பிடிப் போட்டுக்கறது? கூச்சமா இருந்துச்சி."

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். அவ்வளவுதான், ஆண்கள் கூட்டம் மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மோகன் தலையில் கை வைத்துக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்துவிட்டான். பெண்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. சசிரேகா மட்டும், "ஏன்க்கா... ஏன்க்கா இப்டி பண்ண?" என்று அழுதாள். அவள் யாருக்குப் போட்டாள் என்பது இன்றைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அந்த நேரம் பார்த்து, வீடு வீடாக நன்றி சொல்லிக்கொண்டு மாலையும் கழுத்துமாகப் பவளம் மேளத்தோடு வந்து சேர்ந்தாள். விஷயம் காதில் விழுந்ததும் மேளக்காரனை நிறுத்தச் சொன்னாள். கூட்டம் விலகியது. எத்தனையோ நாளாகப் பேசாத இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். வளர்மதி சிரிக்கப் பார்த்தாள். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், பவளம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தாள்.

"நீயும் எனக்குத்தானடி போட்ட?"

பவளம் நினைத்திருந்தால் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இல்லடி. எனக்குத்தான் போட்டுக்கினேன். நல்லா அழுத்திக் குத்தி, மை ஒட்டிக்கப் போவுதுன்னு ஊதி ஊதிக் காயவெச்சி மடிச்சேன்."

"கூசலியா உனக்கு?"

"இன்னாத்துக்குக் கூசணும்? எனக்கு வேணும்னு இருந்துச்சி. அவங்க என்னை சொம்மாதான் நிக்க வெச்சாங்க. நான் வூடு வூடா ஏறி எறங்கனப்பதான் எனக்கே ஆசை வந்துச்சி. ஆசைப்பட்டேன், போட்டுக்கினேன்."

வளர்மதிக்குச் சுருக்கென்றது. துரோகி என்று ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் பவளம் யாருக்கு என்ன துரோகம் செய்தாள்? வளர்மதி எதைக் கேட்டு, அவள் எதை இல்லை என்றாள்? அந்த வார்த்தை கீழே இறங்கிப் போன வழியில் வேறொன்று ஏறி வந்தது. குழாய் முனை, கக்கூசுக் கதவு, மாட்டு மடியில் கை வைத்துக்கொண்டு யோசித்த யோசனை எல்லாம்தான். அப்படியே தெருவில் குந்திவிட்டாள்.

"எனக்கும் வேணும்னுதான்டி இருந்துச்சி" என்று சொல்லி, வாய்விட்டு அழுதாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வாயில் 'எனக்கு வேணும்' என்ற வார்த்தையை மோகன் கேட்டதில்லை. படியில் உட்கார்ந்திருந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

பவளம் கழுத்து மாலையைக் கழற்றிச் சசிரேகா கையில் கொடுத்துவிட்டு, புழுதியில் வளர்மதி பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அழாதே என்று சொல்லவில்லை.

"உனக்கு ஓட்டுப் போட்ட பாதி ஊருக்கு அது தெரிஞ்சிருக்குடி" என்றாள். "உனக்குத்தான் தெரியல."